ஆளில்லை என்று தட்டுகிறவர்

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டல் கேட்டால், அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம். வெளியாட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் சிரித்திருக்கிறேன். ஆள் இல்லை என்று சொல்வதற்கு ஒரு ஆளா?

எங்கள் தொழிலில் வேண்டும். ஓதம் ஏறிய சுவரைக் காய வைப்பதும், மரத்தைக் குடையும் வண்டுகளைக் கொல்வதும்தான் எங்கள் வேலை. அதற்கான இயந்திரம், சமையலறையில் சோறு சூடு பண்ணுகிற மைக்ரோவேவ் அடுப்புக்கு அண்ணன் முறை. அடுப்புக்குக் கதவு உண்டு, இதற்குக் கிடையாது. ஒரு பெட்டி, அதன் முன்னால் தகரப் புனல்போல விரிந்த ஒரு வாய். அந்த வாயைச் சுவரோடு ஒட்டி வைத்துச் சுவிட்சைப் போட்டால், செங்கல்லுக்குள் வருஷக்கணக்காகக் குடியிருந்த தண்ணீர் சூடாகி, ஆவியாகி வெளியே வரும். மரத்தில் வைத்தால் மரம் கருகாது, உள்ளே இருக்கிற புழு வெந்துவிடும். மருந்து வாடை கிடையாது. ஆனால் வாய்க்கு எதிரே உயிருள்ள எதுவும் நிற்கக் கூடாது, சுவருக்கு அந்தப் பக்கத்தில்கூட. ஈரம் இருக்கிறவரை சுவர் எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ளும். காயக் காயத்தான் அந்தப் பக்கத்துக்குக் கடத்திவிடும். வேலை நன்றாக நடக்க நடக்க ஆபத்து கூடுகிற தொழில் இது.

அதனால்தான் தட்டல். ஒருவர் இயந்திரத்தோடு நிற்பார். இன்னொருவர் சுற்றிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போவார். ஆணி இருந்தால் பிடுங்குவார், கட்டிலுக்கு அடியில் பூனை படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், பிறகு விரல் முட்டியால் சுவரில் தட்டுவார். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. தட்டிவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டிவிடுவார். தட்டல் கேட்டு, அவர் வெளியேறுகிற அளவு பொறுத்து, இந்தப் பக்கம் இருப்பவர் சுவிட்சைப் போடுவார்.

பல வருஷங்களாக அப்படித் தட்டியது நான். இயந்திரம் என் கணவருடையது. அதை வாங்கியவர், பழகியவர், அதைப் பற்றி இரவுச் சாப்பாட்டிலும் பேசுகிறவர் அவர்தான். தெருவில் அவருக்கு 'சுவர் டாக்டர்' என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ரகசியப் பெருமை. அதற்காகவே ஒரு பழைய ஸ்டெதஸ்கோப் வாங்கி வைத்திருந்தார். அதை உத்தரத்திலும் நிலைக்கதவிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே புழு கடிக்கிற சத்தத்தைக் கேட்பார். வீட்டுக்காரர்கள், உறவுக்காரருக்கு உடம்பு முடியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் உப்புப் பூத்துக் கிடந்தது. படுக்கையறையில், சமையலறையை ஒட்டிய சுவர். வருகிறபோதெல்லாம் என் நாத்தனார், அவருடைய அக்கா, அதைக் கண்டிப்பாகச் சொல்லிக் காட்டுவாள். "ஊருக்குத்தான்டா உபதேசம். டாக்டர் வீட்டுச் சுவரே படுத்த படுக்கையா இருக்கு." அவர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஒரு வீட்டு மாடிப்படியில் அவர் மயங்கி விழுந்தார். இதயம் துடிப்பதை நடுநடுவே மறந்துவிடுகிறது என்றார்கள். தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன்பு டாக்டர் அவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, "உள்ள பூச்சி எதுவும் இருக்கா டாக்டர்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். அதன் பிறகுதான் டாக்டர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். இவர் உற்சாகமாக விளக்கினார். விளக்கிக்கொண்டே போனார். டாக்டர் முகத்தில் சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன், இவர் பார்க்கவில்லை. அந்த இயந்திரம் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இனிமேல் போகக் கூடாது, அதன் அலை மார்புக்குள் இருக்கும் கருவியைக் குழப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னார்.

"அப்ப எனக்கும் அவளுக்கும் விவாகரத்து" என்றார் இவர். இயந்திரத்தை அவள் என்றுதான் சொல்வார்.

வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. முதலில் பயந்தேன். பிறகு ஒரு நாள், சுவரிலிருந்து முதல் ஆவி எழுந்து, மழை பெய்த மண்ணின் வாசனை அறை முழுக்கப் பரவியபோது, எனக்குள் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. ஈரத்தை அளக்கும் மீட்டரின் முள் இறங்குவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் உடம்பு வலியோடு வீடு திரும்புவதும், பசித்துச் சாப்பிடுவதும் பிடித்திருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து அப்படிப் பசித்துச் சாப்பிடுவதற்குக் கூச்சமாக இருக்கும். மெதுவாகச் சாப்பிடுவேன்.

ஆரம்பத்தில் அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். எவ்வளவு சூடு போச்சு, மூலையை விட்டுட்டியா, தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுதுன்னு பாத்தியா. எனக்கு எரிச்சலாக வரும். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நாற்காலியை உப்புப் பூத்த அந்தச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பார். பூத்த உப்பை நகத்தால் சுரண்டுவார். தரையில் வெள்ளைத் தூள் விழுந்து கிடக்கும். நான் கூட்டி அள்ளுவேன்.

நாத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் தம்பியை உயிரோடு மூலையில் உட்கார வைத்துவிட்டாயே என்றாள். அவள் அப்படித்தான் பேசுவாள், மனதில் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வார்த்தை என்னோடு வேலைக்கு வந்தது, என்னோடு திரும்பியது.

அதனால்தான் அவரிடம் கேட்டேன், தட்டுவதற்கு வருகிறீர்களா என்று. சுவிட்ச் போடுவதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் பார்த்து, தட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு தூரத்தில் வேனில் போய் உட்கார்ந்துவிடலாம். இயந்திரம் ஓடும்போது அவர் அங்கே இருக்கப்போவதில்லை. டாக்டர் சொன்னதை நாம் மீறவில்லை. இதையெல்லாம் ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல ஆசை காட்டிச் சொன்னேன். "உன் வேலையை எனக்குத் தர்றியா" என்றார். மறுநாள் எனக்கு முன்னால் சவரம் செய்து தயாராக இருந்தார்.

ஒன்று மட்டும் கேட்டேன். வேனுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு ஃபோன் பண்ணுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இத்தனை வருஷம் நீ தட்டினப்ப நான் ஃபோன் கேட்டேனா?"

கேட்டதில்லை. என் தட்டல் விழுந்த பிறகு ஒரு முறைகூட அவர் தயங்கியதில்லை. அது நம்பிக்கை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு மிச்சம் இருப்பது அந்தத் தட்டல் ஒன்றுதான், அதையும் சந்தேகப்பட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சில வீடுகள் அப்படியே நன்றாக நடந்தன. சாப்பாட்டில் மறுபடியும் பேசத் தொடங்கியிருந்தார், கொஞ்சம்.

பிறகு தையல்காரம்மாவின் வீடு வந்தது. தனியாக இருக்கிற, வாய் ஓயாத பெண். முன்னறையிலேயே தையல் மெஷின், வெட்டுகிற மேஜை, தொங்குகிற துணிகள். மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிக் காரை பெயர்ந்திருந்தது. மேலே மர உத்தரத்திலிருந்து மாவு போலத் தூள் உதிர்ந்து, வெட்டி வைத்த துணியில் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கு முன்னாடியே குடியிருக்கு அந்த வண்டு" என்றாள். "வாடகைதான் தரமாட்டேங்குது. ராத்திரி எனக்குத் துணைக்குக் கடிச்சுக்கிட்டு இருக்கும். பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒரு கல்யாணப் பாவாடையையே பாழாக்கிருச்சு."

அவர் நாற்காலியில் ஏறி உத்தரத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். தையல்காரம்மாவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். "நாலஞ்சு இருக்கு" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஒண்ணு கிழம். ரொம்ப மெதுவா கடிக்குது." தையல்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த நிமிஷத்தை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் தெரியவில்லை.

முதலில் சுவர், பிறகு உத்தரம் என்று முடிவு செய்தோம். அந்தச் சுவருக்குப் பின்னால் பின்தெரு வீட்டுக்காரருடைய பழைய சாமான் அறை. அதன் வாசல் பின்தெருவில். நாங்கள் கேட்டு வாங்கிய சாவியோடும் பூட்டோடும் என் கணவர் போனார். வேனும் பின்தெருவின் கோடியில் நின்றது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு அங்கே எதுவும் தெரியாது.

தையல்காரம்மாவை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், வாசலுக்கு வெளியே நிற்க வைத்தேன். எதுவாவது ஆனால் அதை இறக்கிவிட வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அது எங்கள் வழக்கம். பிறகு தட்டல் கேட்டது. இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. எப்போதும் போலத் தெளிவாக இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்திருந்தேன், அவர் மெதுவாக நடப்பார் என்பதால். வெளியே வந்து சுவிட்சைப் போட்டேன்.

முதல் இடம் காய்ந்ததும் வாயை நகர்த்தி அடுத்த இடத்தில் வைத்தேன். அதுவும் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தப் பக்கம் எவ்வளவு அலை கசிகிறது என்று அளந்து பார்க்க, கழுத்தில் அதற்கான மீட்டரை மாட்டிக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தேன். அவரையும் பார்த்து, டீ குடித்தீர்களா என்று கேட்கலாம் என்றுதான் நேராக வேனுக்குப் போனேன்.

வேனில் அவர் இல்லை. அவர் உட்காரும் இடத்தில் கைக்கடிகாரம் இருந்தது. மோதிரம் இருந்தது. ஸ்டெதஸ்கோப் வளையமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. வாய்க்கு எதிரே வரும் எதிலும் உலோகம் இருக்கக் கூடாது என்பது எங்கள் முதல் பாடம். பழக்க தோஷத்தில் கழற்றியிருக்கலாம். இன்றைக்கும் அப்படி நினைத்துக்கொள்ளவே முயல்கிறேன். ஆனால் அவற்றோடு சாமான் அறையின் பூட்டும் இருந்தது. கதவில் தொங்க வேண்டிய பூட்டு.

தையல்காரம்மாவுக்கு ஃபோன் செய்துகொண்டே ஓடினேன். இறக்குங்க, இறக்குங்க என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவு பேசுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்காமல் கையை நீட்டினாளே, அதற்கு அவளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் கதவைத் தள்ளியபோது சுவரின் உறுமல் அடங்கியிருந்தது.

உடைந்த நாற்காலிகளுக்கும் பாய்ச் சுருளுக்கும் நடுவே, கவிழ்த்த மரப்பெட்டி ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகைச் சுவரில் சாய்த்திருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அவர் சாய்ந்திருந்த இடம் நான் அடுத்து வாயை நகர்த்தி வைக்கப்போகிற இடம். சுவரைப் படிக்கத் தெரிந்தவர் அவர். நான் எந்த வரிசையில் போவேன் என்று அவருக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"சுவர் சூடா இருக்கு" என்றார். "முதுகுக்கு இதமா இருக்கு."

நான் அவர் கையைப் பிடித்து நாடியைத் தேடினேன். என் விரல்தான் துடித்தது, எது யாருடையது என்று தெரியவில்லை. திட்ட வேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"தட்டினீங்களே."

"தட்டினேன்."

"தட்டினா ஆள் இல்லன்னுதானே அர்த்தம்?"

"ஆமா" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் பொய் சொல்லல, இவளே."

ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். கருவி கொஞ்ச நேரம் குழம்பி, தானாக ஒரு சீரான துடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிறகு பழைய நிலைக்கு வந்துவிட்டது, இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்றார்கள். வேறொரு டாக்டரிடமும் அனுப்பினார்கள். அந்தப் பெண் டாக்டர் அவரிடம் நிறைய நேரம் பேசினார். மாத்திரைகள் கொடுத்தார். தனியாக விடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார். செத்துப்போக நினைத்தீர்களா என்று டாக்டர் நேராகக் கேட்டாராம். எழுந்து போகணும்னுதான் இருந்தேன், எழுந்திரிக்கத் தோணல என்று இவர் சொன்னாராம். எனக்கு அதுதான் உண்மை என்று படுகிறது. சாக வேண்டும் என்பதுகூட ஒரு வேலைதான். அதற்கும் ஆள் வேண்டும்.

படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்தப் பழைய வருஷங்களை நினைத்துக்கொண்டேன். யார் யார் வீட்டுப் பின்னறைகளிலோ நின்று, நான் இங்கே இல்லை, நான் இங்கே இல்லை என்று தட்டியிருக்கிறேன். எனக்கு அது உறுத்தியதே கிடையாது. தட்டிவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றுகொள்வேன். யாரும் எனக்கு அதற்கு முன்னால் 'டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கவில்லை, அதனால் இழக்கவும் எதுவும் இல்லை. என்னுடைய அந்த இல்லாமையைத்தான் எடுத்து அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். எனக்குப் பொருந்திய சட்டை அவருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன்.

தையல்காரம்மாவின் உத்தரம் மிச்சம் இருந்தது. நாத்தனார் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தம்பியை விட்டு நகராமல், அவரோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் காதில் விழுகிற தைரியத்தில் நான் கிளம்பினேன். உத்தரத்துக்கு மேலே இருந்த மாடியறையை நானே போய்ப் பார்த்தேன், நானே பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மரம் சூடாகி, பழைய வாசனை ஒன்று கிளம்பியது. முடிந்ததும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

"போயிருச்சா?" என்றாள் தையல்காரம்மா.

"போயிருச்சு."

"அந்தக் கிழமும்?"

தலையாட்டினேன். அவள் மேஜையில் விழுந்திருந்த கடைசித் தூளைக் கையால் வழித்து எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாதவள்போல அதை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் நாத்தனார் கிளம்பிப் போன பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவரின் அந்தப் பக்கம், படுக்கையறையிலிருந்து, தட்டல் கேட்டது. இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

கையில் இருந்த பாத்திரத்தை வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அந்தத் தட்டலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பதில் என்று எதுவும் எங்களிடம் கிடையாது. சுவிட்சைப் போடுவதுதான் பதில். ஈரக் கையோடு சுற்றிக்கொண்டு ஓடினேன்.

தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"காரை எங்க பொத்தலா இருக்குன்னு பாத்தேன். கை தானா அப்படித் தட்டிருச்சு" என்றார். பிறகு, "ஜன்னல் வரைக்கும் ஏறிருச்சு, இவளே. இனிமேயும் விட்டா நிலைக்கதவுல பூச்சி பிடிக்கும்."

சுவர் டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"நாளைக்கு அவளைக் கொண்டுவந்து இந்தச் சுவர்ல போட்டுரு. நான் அக்கா வீட்டுல இருந்துக்கறேன். அறை காலியாத்தானே இருக்கணும்."

மெல்லிய குரலில், தொழில்காரர் தொழில்காரரிடம் பேசுவதுபோலத்தான் சொன்னார். சரியான யோசனைதான். இரண்டு நாளில் முடிந்துவிடும். சுவர் வெள்ளையாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும்படி காய்ந்துவிடும். நான் காலியான அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். நாற்காலி இல்லாமல், கட்டில் இல்லாமல், ஒரு ஆணிகூட இல்லாமல். உள்ளே வந்து எல்லா மூலையையும் பார்த்து, யாரும் இல்லை என்று நானே உறுதி செய்துகொள்ள வேண்டிய அறை.

"வேண்டாம்" என்றேன்.

"பூச்சி பிடிக்கும்னு சொல்றேன்ல?"

"பிடிக்கட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது பிடித்ததா, கோபமா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பல நாட்களாகவே அப்படித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தேன். ஈரம் மெதுவாக ரவிக்கையைத் தாண்டி முதுகில் ஏறியது. சில்லென்று இருந்தது. அவர் விரல்கள் இன்னும் சுவரில்தான் இருந்தன. உதிர்ந்த உப்பு என் தோளில் விழுந்துகொண்டிருந்தது, நான் தட்டிவிடவில்லை.